ரத்தக்காட்டேரியைப் பெற்றவள்

1. பெட்டியிலிருந்து எழுந்து போனவன்

நாடகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹீரோவின் அம்மா கிளியனூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ரிகர்சல் நடந்துகொண்டிருந்தது. சவப்பெட்டிக்குள் படுத்திருந்த மகனைக் கையைப் பிடித்துத் தூக்கி, போட்டிருந்த கறுப்புக் கோட்டோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தப்பு என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன்.

எனக்கு உப்பளத்தில் வேலை. சாவு விழுந்தால் ஒப்பாரி. இரண்டிலும் என்னை மிஞ்ச மரக்காணம் பக்கம் ஆள் இல்லை. இடையஞ்சாவடியில் நாடகம் போடும் நித்யா என்ற பெண் இதைக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தது. வெளிநாட்டு ரத்தக்காட்டேரிக் கதையை முழுக்கப் பாட்டாகவே மேடை ஏற்றப் போகிறார்களாம். மியூசிக்கல் என்று பெயர். எங்கள் பக்கம் காட்டேரி என்றால் படையல் போட்டுக் கும்பிடுகிற அம்மன். இவனோ கோட்டுப் போட்ட ஆம்பிளை, செத்து இருநூறு வருஷமாகியும் காதலிக்கிறான்.

"கடைசியில காட்டேரி வெயில் பட்டு செத்துடுவான் அம்மா. அங்க உங்க ஒப்பாரி வேணும்" என்றது நித்யா.

"வெயில் பட்டா சாவானா? நாங்கல்லாம் அப்ப எத்தினி வாட்டி செத்திருக்கணும்?"

ஆனாலும் ஒத்துக்கொண்டேன். மைக்கில் பாடியதில்லை, அந்த ஆசைதான்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வாயைத் திறக்கும் முன் படுத்திருப்பவர் பேர், பெற்றவள் பேர், ஊர் மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு ஒட்டாது. ரிகர்சலுக்குப் போன முதல் நாளே ஹீரோப் பையனைக் கேட்டேன். பெட்டிக்குள் படுத்தபடியே சொன்னான். நானும் பாடினேன்.

"கிளியனூரு பச்சையம்மா பெத்தெடுத்த என் குமரா
கண்ணு முழிக்காம கட்டையில போறியே..."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒருத்தன் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். அதைத்தான் பச்சையம்மாள் பார்த்துவிட்டாள்.

2. பச்சையம்மாள் கேட்ட கேள்வி

நானும் நித்யாவும் கிளியனூர் போனோம். ஹீரோ இல்லாமல் நாடகம் இல்லை.

பச்சையம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏங்க்கா, உசுரோட இருக்கற புள்ளைக்கு ஒப்பாரி வெச்சியே, உன் வாயி கூசல?"

"தப்புதான்" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை அதிகம் வருவதில்லை. "வேற பேர் வெச்சிப் பாடறேன். அனுப்பி வை."

"யாரு பேரு?"

நித்யா குறுக்கே புகுந்தது. "அந்தக் கேரக்டருக்கு அப்பா அம்மா கதையிலயே இல்லீங்க."

"பெத்தவ இல்லாம எப்டிம்மா வந்தான்? முட்டையில பொரிஞ்சானா?"

எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம். ஒப்பாரிக்கு ஒரு தாய் வேண்டும்.

"அப்ப என் பேர போட்டுக்கலாம்" என்றது நித்யா.

"வாயக் கழுவும்மா. நாளைக்கு நீ புள்ள பெக்க வேணாமா?" என்று அதட்டிவிட்டு பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ஒரு தாய் பேரச் சொல்லு. இப்பவே அனுப்பறேன்."

"என் பேர வெச்சிக்கறேன்" என்றேன். "எனக்குப் புள்ள கிடையாது. யாருக்கும் கெடுதல் வராது."

பச்சையம்மாள் உள்ளே திரும்பி, "டேய், கெளம்பு" என்றாள்.

3. பதினோரு அடி

நாடகம் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. என்னோடு உப்பளத்தில் வேலை பார்க்கும் அனுமந்தைப் பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் பட்டால் சாவேன் என்று காட்டேரி பாடியதும் ஒருத்தி, "இவன ஒரு நாள் உப்பு வார வுடுங்கடி" என்றாள். சிரிப்பு அடங்கவே நேரமானது.

கடைசியில் அவன் விழுந்தான். நான் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"அளத்து முனியம்மா அடிவயிறு காணாத மவனே
வெயிலுக்கு ஒதுங்க என் முந்தானை இருந்துச்சே..."

இதுவரை எத்தனையோ பேர் பிள்ளைக்கு அழுதிருக்கிறேன். மகனே என்று என் பேரோடு சேர்த்துக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். பாட்டு நாலு அடி என்று பேச்சு. பதினோரு அடி போய்விட்டது. கீபோர்டுக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டார். பாட்டு முடிந்ததும் எழுந்து கும்பிட வேண்டிய காட்டேரியும் எழவில்லை. அவன் தலை என் மடியில் இருந்தது.

இறங்கியதும் நித்யா கட்டிப்பிடித்து, "அம்மா, ஆக்டிங் சூப்பர்" என்றது.

"ஆக்டிங்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். படுத்திருப்பவன் யார் என்று நடிக்கிறவனிடம் கேட்காதீர்கள், கதையிடம் கேளுங்கள். கதையில் இல்லையென்றால் உங்கள் கையிலிருந்து போடுங்கள். ஆனால் போட்டதைத் திரும்ப வாங்க முடியாது. இப்போது பஸ்ஸில் என்னைப் பேயோட ஆத்தா என்கிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை.