செல்வி அக்கா சத்தமாகச் சொன்ன நம்பர்

வில்லியனூரிலிருந்து அரியூர் வரை ஓடும் டெம்போக்களில் ஒன்றை ஒரு பெண் ஓட்டுகிறார். அவர் பெயர் ஆரோக்கிய செல்வி. எங்கள் ரூட்டில் எல்லாருக்கும் அவர் செல்வி அக்காதான். அறுபது வயதுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். டெம்போ கண்ணில் படுவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும்.

"அரியூர் அரியூர் அரியூர்! இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காருப்பா. எடம் இருக்குது, ஒனக்கு மனசுதான் இல்ல!"

டீசல் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே வராமல் போய்விட்டது. கோயிலில் முட்டி போட்டு அவர் ஜெபம் செய்தால், மாதா காதில் விழுகிறதோ இல்லையோ, பக்கத்து வரிசைக்கு முழு வேண்டுதலும் தெரிந்துவிடும் என்று அவர் வீட்டுக்காரர் அல்போன்ஸ் மாமா கிண்டல் செய்வார்.

அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜ் சீட்டுக்கான சென்டாக் லிஸ்ட் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். வீட்டில் சும்மா உட்கார என்னால் முடியாது. அதனால் காரணமே இல்லாமல் அக்கா டெம்போவில் ஏறி வில்லியனூர் வரை போய்விட்டு வருவேன். அவரைப் பற்றி நான் எழுதுவதில் பாதி அப்படி முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டதுதான். மீதி நானே பார்த்தது, ஒரு விஷயம் மட்டும் போனில்.

டெம்போ முதலில் அல்போன்ஸ் மாமாவுடையது. முதுகில் டிஸ்க் விலகியதும் அவரால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னபோது அக்கா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே போகும் மண் பாதையில்தான் பழகினார். மாமா வரப்பில் நின்று கையைக் காட்டுவார், அக்கா வண்டியை வாய்க்காலில் இறக்குவார். முதல் நாள் சவாரிக்கு ஒரு ஆடும் அதன் சொந்தக்காரரும் மட்டும்தான் ஏறினார்களாம். "ஆட்டுக்கு டிக்கெட் வாங்கல, நம்பி ஏறுச்சே, அதுக்காக" என்பார் அக்கா.

பேங்கில் ஏடிஎம் கார்டு கொடுத்தபோது, மறக்காத நம்பராக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா டெம்போ நம்பரையே வைத்தார்: 4172. அது வண்டியின் பின்பக்கம் மஞ்சள் பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கும். அவருக்கு ஓய்வு இல்லாத நாளில் எங்களில் யாரையாவது கூப்பிட்டுக் கார்டைக் கொடுப்பார். "நம்பர் தெரியுமில்ல? மறந்துட்டா வண்டி பின்னால பாத்துக்க." பால்காரர் வரும் நேரம் போல அந்த நம்பரும் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இதுவரை யாரும் ஒரு ரூபாய் கூடுதலாக எடுத்ததில்லை.

அவர்களுடைய ஒரே மகன் ஆரோக்கிய பிரகாஷ் மலேசியாவில், கிள்ளான் பக்கம் ஒரு உணவகத்தில் வேலை பார்த்தான். போன ஆனி மாதம் அவனுக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது. குடல்வால் வெடித்துவிட்டது என்று அங்கேயே ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் தனியாக விமானம் ஏறக் கூடாது, யாராவது வந்து கூட்டிப் போகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவால் அத்தனை நேரம் உட்கார முடியாது. ஆகவே அக்கா கிளம்பினார். பிரகாஷுக்கு பாஸ்போர்ட் எடுத்தபோதே, "என்னிக்காவது ரோமாபுரி போவேன்டா" என்று தனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தார். ரோமாபுரிக்குப் பதிலாக அது கிள்ளானுக்கு உதவியது.

போவதற்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, "இனிமே இந்தக் கார்டு வெளிநாட்டு மிஷின்லயும் வேலை செய்யும்மா. நீங்களா கேட்டு தொறந்து விட்டாத்தான் உண்டு, நல்லவேளை வந்தீங்க" என்றார். பேங்கில் கொடுத்திருந்த நம்பரின் சிம்மைப் பட்டன் போனில் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார், மெசேஜ் எல்லாம் அதற்கு வரும் என்று. கடைசியாக, "பின் நம்பர மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க" என்றார்.

"அத சொல்றதுக்கு இன்னா சார் இருக்குது? எல்லாருக்கும்தான் தெரியுமே!" என்றார் அக்கா.

பேங்க் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஊருக்குத் திரும்புனதும் மொதல் வேலையா மாத்திடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

அக்கா போய்ச் சேர்ந்தார். பிரகாஷின் நண்பன் ஒருவன் அங்கத்திய சிம் வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மகனைப் பார்த்த அன்று மட்டும் அக்கா மெதுவாக அழுதிருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

அவர்கள் திரும்புவதாக இருந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போனில் வீடியோ கால் வந்தது. அக்காவின் தாடையும் மேலே ஒரு டியூப் லைட்டும் தெரிந்தன.

"மணி! மாமாவ கூப்புடுடி! சீக்கிரம்!"

நான் போனோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். சத்தம் கேட்டு டீக்கடை கண்ணையனும் கையில் டம்ளரோடு வந்துவிட்டார். அக்கா நடந்ததைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு இன்ஷூரன்ஸ் போக மீதிப் பணத்தைக் கட்டினால்தான் பிரகாஷை அனுப்புவார்கள். கவுண்டரில் கார்டு எடுக்கும் மிஷின் அன்றைக்கு வேலை செய்யவில்லை, பணமாகக் கொண்டு வாருங்கள் என்றார்கள். கவுண்டர் இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடிவிடும், அப்புறம் திங்கட்கிழமைதான். பணம் கட்டாவிட்டால் இரவு விமானம் போய்விடும். எதிரே கடைக் கட்டடத்தில் ஏடிஎம் இருக்கிறது என்று காட்டினார்கள். அங்கேதான் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நம்பர அமுக்குனேன். நம்மூர்ல நாலு போட்ட ஒடனே அதுவா உள்ள போயிடும்ல? இது போவல. அப்படியே நிக்குது. சரி, விழலபோலன்னு மறுபடியும் மொதல்லேருந்து அமுக்குனேன். தப்புன்னு துப்பிடுச்சு!"

"ஒன் நம்பரையே மறந்துட்டியா?" என்றார் கண்ணையன்.

"யோவ் கண்ணையண்ணே, என் வண்டி நம்பர் எனக்கு மறக்குமா? நாலு ஒண்ணு ஏழு ரெண்டு! நாலு ஒண்ணு ஏழு ரெண்டு!"

அந்தக் கட்டடம் முழுவதும் எதிரொலித்தது எங்கள் தெருவுக்கே கேட்டது.

அதற்குள் மாமா பட்டன் போனைக் கொண்டுவந்தார். அதில் மெசேஜ் வந்திருந்தது. நான் படித்தேன்: பின் நம்பர் தவறு, பணம் தரப்படவில்லை.

அக்கா கார்டை மறுபடி சொருகி, போனைத் திரைக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். நம்பர் போடும் இடத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன.

"ஆறு கேக்குது, நம்மகிட்ட நாலுதான் இருக்குது" என்று யோசித்த கண்ணையன், "முன்னால ரெண்டு சைபர் போட்டுப் பாரு தங்கச்சி. வண்டி நம்பர்லாம் அப்படித்தான் போடுவாங்க" என்றார். எங்கள் எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

அக்கா போட்டார். மிஷின் கார்டைத் துப்பியது. மாமா கையில் இருந்த போன் மறுபடி கத்தியது. அதே மெசேஜ்.

மூன்றாவது தடவையும் தப்பானால் கார்டு முடங்கிவிடும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணையனின் மச்சானுக்கே அப்படி ஆகியிருக்கிறது. இங்கே என்றால் பேங்குக்கு நடந்து போகலாம். அக்காவுக்கு இருப்பது அந்த ஒரு கார்டு. எதிரே ஆஸ்பத்திரி வார்டில் பிரகாஷ் கிளம்புவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாங்க, இன்னா பண்றது?" என்றார் அக்கா. அந்தக் குரலில் பயத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் ஒன்றைப் பார்த்தேன். அக்காவின் தோளுக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து நின்றான். தலையில் ஹெல்மெட், முகம் தெரியாத கறுப்புக் கண்ணாடி, முதுகில் பெட்டி போல ஒரு பெரிய பை. அவன் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தான்.

"அக்கா, பின்னாடி ஒருத்தன்!" என்று கத்தினேன்.

"செல்வி, கார்ட புடி! பைய புடி!" என்றார் மாமா. முதுகுவலியை மறந்து எழுந்தே நின்றுவிட்டார்.

அக்கா திரும்பினார். டெம்போவுக்குக் குறுக்கே பஸ்ஸை விடும் டிரைவரிடம் பேசும் அதே குரல். "ஏய்! இன்னா பாக்குற? இன்னும் ஒரு அடி வெச்ச, ஹெல்மெட்டோட சேத்து மூஞ்சிய பேத்துடுவேன்!"

அந்த ஆள் இரண்டு கைகளையும் தூக்கினான். பிறகு மெதுவாகக் கண்ணாடியை மேலே தள்ளினான். இருபத்தைந்து வயது இருக்கும், மீசை சரியாக முளைக்காத முகம்.

"அக்கா, அடிச்சிராதீங்க. நானும் தமிழுதான்."

எங்கள் பக்கம் கண்ணையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"நாலு ஒண்ணு ஏழு ரெண்டு" என்றான் அவன், தணிந்த குரலில். "எனக்குத் தெரிஞ்சிருச்சு. வெளியில நிக்கிற ஆளுக்கும் தெரிஞ்சிருக்கும். தமிழ் தெரிஞ்சவங்க இங்க நிறைய பேரு இருக்காங்க அக்கா. நல்ல வேளை, கார்டு உங்க கையில இருக்கு."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"எங்க ஊரு கார்டுக்கு ஆறு நம்பரு. அதான் ஆறு இடம் காட்டுது. உங்களுக்கு நாலுன்னா நாலு மட்டும் போடுங்க. போட்டுட்டு சும்மா நின்னா மிஷினுக்கு எப்படித் தெரியும்? மறுபடி அமுக்குனா ரெண்டும் சேந்து ஆறாயிரும், தப்புன்னுதான் சொல்லும். இந்தப் பச்சை பட்டன அமுக்கணும். அப்பதான் முடிஞ்சிருச்சுன்னு எடுத்துக்கும்."

"நெசமாவா தம்பி? இன்னும் ஒரு தடவதான் இருக்குது. எம் புள்ள ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டு இருக்கான்."

"எனக்கும் காசு எடுக்கணும், பையில இருக்கிற சாப்பாட்டு ஆர்டரும் ஆறிப்போகுது. பொய் சொல்லி எனக்கு என்னக்கா கிடைக்கப் போகுது?"

அக்கா போனைப் பார்த்தார். மாமா சரி என்று தலையை ஆட்டினார். அக்கா போனை மிஷின்மேல் மல்லாக்க வைத்தார். அதற்குமேல் எங்களுக்குத் தெரிந்தது அந்த டியூப் லைட் மட்டும்தான். குரல்கள் கேட்டன.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். என் பை மறைச்சுக்கும். போடுங்க. சத்தம் வேணாம்."

நாலு முறை 'டிக்' என்று கேட்டது. கொஞ்சம் நிறுத்தி இன்னொரு 'டிக்'.

"தம்பி, இன்னாவோ கேக்குதுப்பா. ரூபான்னு போட்டிருக்குது."

"ரூபாயில கணக்குப் போடவான்னு கேக்கும். வேணாம்னு குடுங்க. இவங்க போடுற கணக்குல உங்களுக்கு நட்டம். வெள்ளியிலயே எடுங்க, உங்க பேங்க் பாத்துக்கும்."

வெள்ளி என்று அவன் சொன்னது அந்த ஊர்ப் பணத்தை. இன்னொரு 'டிக்'. பிறகு எதுவும் கேட்கவில்லை. லைட் மட்டும் லேசாக மினுக்கியது.

அப்போது மாமா கையில் இருந்த பட்டன் போன் கத்தியது.

யாரும் அதைப் பார்க்கத் துணியவில்லை. மாமா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனை என் பக்கம் நீட்டினார். நான் படித்தேன். மறுபடி ஒருமுறை படித்தேன்.

"எடுத்தாச்சு மாமா! கணக்குலேருந்து போயிடுச்சு! பணம் வந்துடுச்சு!"

"இன்னும் வரலடி, மிஷின் கொரகொரன்னு..." என்று அங்கிருந்து அக்கா சொல்லி முடிப்பதற்குள் அங்கேயும் நோட்டுகள் வந்து நின்றன. அவர் கைக்கு வருவதற்கு முன்னால் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணையன் என்னைத் தூக்காத குறைதான். மாமா அப்படியே கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டார்.

அக்கா போனை எடுத்தபோது அந்தப் பையன் தன் கார்டைச் சொருகிக்கொண்டிருந்தான். அவர் ஒரு நோட்டை அவன் பையில் திணிக்கப் பார்த்தார். "வேணாக்கா, மொதல்ல கவுண்டருக்கு ஓடுங்க" என்றான்.

"எந்த ஊருப்பா ஒனக்கு? எங்களுக்குப் பாண்டி, வில்லியனூர்."

"நான் பொறந்ததே கிள்ளான்தான். நீங்க சொல்ற ஊரெல்லாம் எனக்குத் தெரியாது."

"பேராவது சொல்லு, மாதாகிட்ட சொல்லணும்ல?"

"தமிழ்க்குமரன்" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

அடுத்த நாள் காலையில் பிரகாஷ் வீடு வந்து சேர்ந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான், ஆனால் தானே நடந்து உள்ளே போனான். மாமா வாசலிலிருந்து கட்டில் வரை அவன் முதுகில் கையை வைத்தபடியே போனார். அக்கா பயணப் பையைப் பிரிக்கக்கூட இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேராக வில்லியனூர் ஏடிஎம்முக்கு வண்டியை விட்டார். என்னை வெளியே நிறுத்தினார், கதவைச் சாத்தினார், நம்பரை மாற்றினார். வெளியே வந்ததும், "நாலு போட்ட ஒடனே அதுவா போயிடுச்சுடி. நான் பச்சை பட்டன தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தார்.

மாலையில் கண்ணையன் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். "புது நம்பர் இன்னா தங்கச்சி? அவசரத்துக்குன்னா யாரு போய் எடுக்குறது?"

"நான்தான்."

"எங்களுக்கும் சொல்ல மாட்டியா?"

"பேங்க்காரரு சொன்னாரு, தமிழ்க்குமரன் சொன்னான். இனிமே ஆண்டவரே கேட்டாலும் கெடையாது."

கண்ணையன் முகம் தொங்கிப் போனது. அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து மாமாவின் அருகே போய் உட்கார்ந்தார். "இவருக்கு மட்டும் சொல்லி வெக்கிறேன். எனக்கு ஒண்ணுன்னா வேணும்ல?" இரண்டு கைகளையும் மாமா காதைச் சுற்றிக் குவித்து வைத்துக்கொண்டார். அவர் கிசுகிசுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் கண்ணையனும் மரியாதைக்குத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

உள்ளே கட்டிலிலிருந்து பிரகாஷ் சத்தம் போட்டான்.

"அம்மா, இங்க வரைக்கும் கேக்குது!"