படுதாவுக்குப் பின்னால் பார்த்த முகம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் தண்ணீர் வாளியும் பித்தளைக் குழலும்தான். எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். எந்த இடத்தில் எந்த ‘ர’ போட வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் ஒன்றாக நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால்தான் காகிதம் வாங்கினேன்.

ரங்கூனில் லான்மடாவ் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகையில் எனக்குப் பதினோரு வருஷ வேலை. படம் விழும் வெள்ளைத் துணியைப் படுதா என்போம். அது காய்ந்தால் தளர்ந்து சுருக்கம் விழும். நனைத்து வைத்தால் விறைப்பாக நிற்கும், படமும் பளிச்சென்று தெரியும். ஆட்டத்துக்கு முன்பும், ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும், நான் பின்பக்கம் நின்று குழலால் தண்ணீர் அடிப்பேன். அடித்துவிட்டு அங்கேயே ஒரு மர முக்காலியில் உட்காருவேன். மெஷின் முன்பக்கம் இருந்தாலும், நனைந்த துணியில் படம் என் பக்கமும் நன்றாகத் தெரியும். யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் வேலை எனக்கு வேறெங்கே கிடைக்கும்?

எங்கள் கொட்டகைக்கு வருவதெல்லாம் அமெரிக்கப் படங்கள். அவற்றில் ஒரு நடிகை உண்டு. முதல் படத்தில் குதிரையேறும் பெண்ணாக வந்தார். அடுத்து வாராவாரம் வரும் தொடர்படம். ஒரு வாரம் மலை உச்சியில் தொங்குவார், மறு வாரம் ரயில் தண்டவாளத்தில் கட்டிப் போட்டிருப்பார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நம் ஆட்கள் அந்த ஏழு நாளும் வேலை ஓடாமல் கிடப்பார்கள். பிறகு விதவையாக வந்தார், தாயாக வந்தார். ரங்கூனுக்குப் படங்கள் வரிசையாக வருவதில்லை. ஒரு வருஷம் நரைத்த தலையோடு அழுவார். அடுத்த வருஷம் ஒரு பழைய படம் கப்பலில் வந்து இறங்கும், அதில் பதினெட்டு வயதுப் பெண்ணாகச் சிரிப்பார். எது முன்னே எது பின்னே என்று நான் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். கடைசி இரண்டு வருஷம் அவர் படம் ஒன்றுகூட வரவில்லை. செத்துப்போனார் என்று ஒரு பேச்சு வந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் எல்லோரும் இடது கைக்காரர்கள் என்று நான் நம்பியிருந்தேன். சாப்பிடுவது, எழுதுவது, சுடுவது எல்லாம் இடது கைதான். வீட்டில்கூட ஒருமுறை சொன்னேன்.

“பீச்சாங்கையாலயா சோறு திங்கிறாங்க?” என்றாள் என் மனைவி. “சீ! அதுதான் அந்த ஊருக்கு மழை பெய்யாதுங்கிறாங்க போல.”

“அங்கே மழை பெய்யும். படத்துல பார்த்தேன்.”

“நீங்க பார்த்தீங்க, போங்க.”

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கலாம். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. ஆஸ்பத்திரியில் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் டிக்கெட் விற்கும் பர்மியப் பெண் நின்றார். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, தலையில் பூ வைத்து எப்போதும் ஒரே மாதிரி இருப்பார். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவர், நம் ஆட்களோடு பழகித் தமிழும் பேசுவார். நான் அவரை மமா என்பேன், பர்மியில் அக்கா என்று அர்த்தம்.

படங்களில் வந்த அந்த நடிகை தான்தான் என்றாராம் அந்த அம்மாள். அவர் சொல்லச் சொல்ல, மமா தமிழில் சொன்னார்.

“சின்னப் புள்ளையிலேயே மேடை ஏறினாங்களாம். அம்மாவும் நாடகக்காரி. ஊர் ஊரா ரயில்ல போவாங்க, பெட்டி மேலதான் தூக்கம். அப்புறம் படம். குதிரையிலேருந்து விழுந்து ரெண்டு தடவை எலும்பு முறிஞ்சுதாம். வயசாச்சுன்னு படத்துக்குக் கூப்பிடல. திரும்ப நாடகம். ஒரு கம்பெனியோட கிழக்குப் பக்கம் வந்தாங்க. இங்க காய்ச்சல்ல படுத்துட்டாங்க. கம்பெனி இவங்களை விட்டுட்டுப் பினாங்கு போயிடுச்சு.”

முதலாளியின் கிடங்கில் அந்த நடிகையின் பழைய படம் ஒன்று இருந்தது. அதைப் போட்டு, முடிவில் நடிகையையே மேடையில் நிறுத்தினால் கூட்டம் கொட்டகைக்குள் அடங்காது. ஐந்து ஆட்டம் நடந்தால் அந்த அம்மாளுக்கு ஊர் போகக் கப்பல் டிக்கெட் வாங்கித் தருவதாகப் பேச்சு. ஆனால் முதலாளிக்குச் சந்தேகம். அவர் தன் கொட்டகையில் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்தவர் இல்லை. படம் ஓடும்போது பக்கத்தில் நின்று கதை சொல்லும் ஆள் மாவ்பி ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வெளியே தட்டியில் படம் வரையும் ஆள் எல்லாப் பெண்ணுக்கும் ஒரே முகம்தான் போடுவார். அதனால் முதலாளி என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்.

“நீ ஒரு ஆட்டம்கூட விட்டதில்ல. அது இவங்கதானா? ஏமாத்துக்காரியைக் கொண்டுபோய் மேடையில நிறுத்தினேன்னா நம்ம ஆளுங்க நாற்காலியை உடைச்சுடுவாங்க.”

நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். இளைத்த முகத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆனால் என் நடிகைக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு, மிளகு அளவு. இவருக்கு அது வலது கன்னத்தில் இருந்தது. டீக் கோப்பையையும் வலது கையில் பிடித்திருந்தார்.

“இவங்க இல்ல முதலாளி. மச்சம் மாறியிருக்கு. அந்தம்மா இடது கைக்காரங்க.”

“நல்லாத் தெரியுமா?”

“தெரியும்.”

“வாயே திறக்காத ஆளு நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். உள்ளே போய் மமாவிடம் கோபமாகப் பேசினார். திங்கட்கிழமை போலீசில் சொல்லப்போவதாகவும் சொன்னார். அந்த அம்மாள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். யார் சொன்னது என்று கேட்டிருப்பார் போல. மமா தாடையால் என்னைக் காட்டினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், கோபமாக அல்ல. நான் எந்த ஊரில் எதைப் பார்த்தேன் என்று கேட்பது மாதிரி ஒரு பார்வை. நான் தரையைப் பார்த்தேன்.

மூன்று மணி ஆட்டத்துக்கு அந்தப் பழைய படத்தையே போடுவதாக முதலாளி சொன்னார். அதற்கு முன் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன். கடைக்காரர் காயல் பக்கத்து முஸ்லிம். அண்ணன் என்ற அர்த்தத்தில் காக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஞாயிறு தவறாமல் முன் பெஞ்சில் இருப்பார்.

“என்ன ஓய், மூஞ்சி வாழைக்காய் மாதிரி இருக்கு?”

நடந்ததைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இடது கன்னமா? யாரு சொன்னா? வலது கன்னம் ஓய்! அந்தம்மா சோத்துக்கையாலதான் சுடும். பதினோரு வருஷமா என்னத்தைப் பார்த்தீரு?”

“எல்லாருமே இடது கையாலதானே...”

“அல்லாவே! ஒரு நாளாவது முன்னாடி வந்து உக்காந்திருக்கீரா நீரு?”

இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

படுதாவை நனைத்துவிட்டு, காக்காவோடு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வேர்க்கடலைத் தோல் காலடியில் நொறுங்கியது. விளக்கு அணைந்தது. அந்தக் குதிரைக்காரப் பெண் வந்தார், நான் முப்பது தடவை பார்த்த படம். குதிரை எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்தது. கதவு எதிர்ப்பக்கம் திறந்தது. எல்லோரும் வலது கையால் சாப்பிட்டார்கள். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. துணியின் மறுபக்கம் நின்று பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. படத்தின் நடுவே அடிக்கடி வரும் இங்கிலீஷ் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எனக்கு அவை எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான்.

முதல் சுருள் முடியுமுன் முதலாளி அறைக்கு ஓடினேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

“அவங்கதான் முதலாளி! நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்!”

விளக்கிச் சொன்னேன். “பதினோரு வருஷமா தலைகீழாப் பார்த்தியா?”

“தலைகீழா இல்ல முதலாளி. இடம் வலமா.”

“போ, போய்க் கூட்டிட்டு வா. மமாவையும் கூட்டிட்டுப் போ. கப்பல் கிப்பல் ஏறிடப் போறாங்க.”

கப்பல் ஏற வழியில்லை என்பதுதானே விஷயமே.

ரிக்‌ஷாவில் போகும்போது மமா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் தங்கியிருந்த விடுதியில், மாடிப்படிக்குக் கீழே, பூட்டிய பெட்டியின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்திருந்தார். போலீஸ் எப்படியும் வரும், அறையில் ஒளிந்திருந்தவளை இழுத்துப் போனார்கள் என்ற பேர் வேண்டாம், அதனால் இங்கே இருக்கிறேன் என்று மமாவிடம் சொன்னாராம். மன்னிப்பு என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கும்பிட்டேன். மமா எல்லாவற்றையும் சொன்னார். இடது கைக்கார நாடு என்று நான் நம்பியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். மமாவும் சிரித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து ஐந்து ஆட்டம். படம் முடிந்ததும் அந்த அம்மாள் மேடையில் வந்து, தான் சின்ன வயதில் நடித்த ஒரு நாடகத்திலிருந்து ஒரு தாய் பேசும் பேச்சைப் பேசிக் காட்டினார். ஒருவருக்கும் மொழி புரியவில்லை. கடலை கொறிக்கிற சத்தம் நின்றுபோனது. மூட்டைக்காரர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். நாற்காலிகள் முழுசாக இருந்தன.

கடைசி நாள், படம் ஓடும்போது, அந்த அம்மாள் மமாவைக் கூட்டிக்கொண்டு படுதாவின் பின்பக்கம் வந்தார். முக்காலியைத் துடைத்துக் கொடுத்தேன். ஈரத்துணியில் இருந்த தன் முகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

“மேக்கப் போடும்போது கண்ணாடில தெரியறது இந்த முகம்தானாம்” என்றார் மமா. “ஜனங்க பார்க்கற முகம் வேற. இத்தனை வருஷம் தான் மட்டும்தான் இதைப் பார்த்தோம்னு நினைச்சாங்களாம்.”

சுருள் மாற்றும் நேரம் வந்தது. குழலை எடுத்துத் தண்ணீர் அடித்தேன். அவர் மேல் தெறித்தது. துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமைக் கப்பலில் போனார். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். துறைமுகத்துக்கு மமா போனார், எனக்கு வெட்கம், போகவில்லை. ஆனாலும் அவர் ஊர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை எனக்கு மனசு நிலையாக இல்லை, சோறும் சரியாக இறங்கவில்லை. பழைய காய்ச்சல், நீண்ட கடல். நேற்று முதலாளி பேருக்குக் கடிதம் வந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, தங்கை வீட்டில் இருக்கிறாராம். குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். மமா டிக்கெட் ஜன்னலில் நின்று இரண்டு தரம் படித்துக் காட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

“அப்போ இனிமே ஒழுங்காச் சாப்பிடுவீங்கல்ல?” என்றாள்.

சாப்பிட்டேன். விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

ரங்கூன், 1928, ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.