அக்கா எழுதியதும் அழிந்ததும்

அலுவலகத்தில் அவனுக்கு 'லாக்' என்று பட்டப்பெயர்; நிரல் தான் செய்ததையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவேட்டின் பெயர் அது. எந்த நிரல் மக்கர் செய்தாலும், "முதல்ல லாக்கைப் பாரு, அப்புறம் ஆளைக் கேளு" என்பான். பதினான்கு வருடமாக அடுத்தவர் எழுதிய பைத்தான் நிரல்களைச் சரிபார்த்தே காலம் தள்ளியவன். சொந்தமாகச் செய்தது, அக்காவுக்காக எழுதிய அந்த ஒரு வலைத்தளம்தான்.

அக்கா இயன்முறை மருத்துவர். வீட்டின் முன்னறையில் இரண்டு கட்டில், மிதிப்பதற்கு ஒரு சைக்கிள், சுவரோரம் பிடித்து நடக்க ஒரு கம்பி. கிளினிக் அவ்வளவுதான். யாருடைய முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, யார் தோள் எவ்வளவு உயர்கிறது என்று தினமும் நோட்டில் குறித்துவைப்பாள். "போன்லயே போடற மாதிரி பண்ணித் தர்றேன்கா" என்று அவன்தான் வலியப் போய்ச் சொன்னான்.

அவனுடைய கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த கணினியில், ஏற்றினால் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. தேவையான நிரல் தொகுப்பு ஒன்றைப் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தான். இணைப்புக்கான போர்ட் எண்ணும் தப்பு. மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு ஒரு ஞாயிறு மதியம் தளம் திறந்தது. நோட்டிலிருந்த நாற்பது நோயாளிகளின் விவரத்தையும் அவனே நிரலோடு சேர்த்து ஏற்றிக் கொடுத்தான்.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"நேத்து நான் போட்டது எதையும் காணோம்டா."

"பழைய பேரெல்லாம் இருக்கா?"

"அதெல்லாம் இருக்கு. புதுசா போட்டதுதான் இல்ல."

"அப்ப சேவ் பண்ணாம மூடியிருப்பே."

சில நாள் போட்டது அப்படியே இருந்தது. சில நாள் மாயமானது. நான்காவது முறை அவள் அழைத்தபோது அவன் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"போட்டதா நீ நெனச்சுக்கிறேக்கா. அப்பா மாதிரி ஆரம்பிச்சிட்டியா?"

அப்பா கடைசி மூன்று வருடம் பிள்ளைகளின் முகத்தையே மறந்து கிடந்தார். அவரைப் பார்த்துக்கொண்டது அக்காதான். போனில் அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு வைத்தான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோளாறு தீர்ந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் மகள் அலுவலகத்துக்கே வந்து நின்றாள்.

"மாமா, அம்மா கிளினிக்கை மூடிட்டாங்க. ஞாபக மறதிக்கு டாக்டரைப் போய்ப் பாத்திருக்காங்க."

"எதுக்கு?"

"செஞ்சதா நெனைக்கிறது எதையும் செய்யலையாம். அந்தக் கையால இன்னொருத்தர் காலைத் தொடவே பயமா இருக்காம். டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறார், நம்ப மாட்டேங்கிறாங்க."

ஊருக்கெல்லாம் லாக்கைப் பார்க்கச் சொன்னவன் அன்றைக்குத்தான் அதைத் திறந்தான். லாக் தனியிடத்தில் சேர்ந்துவந்ததால், அக்கா பதிந்ததற்கெல்லாம் அதில் வரிசையாக வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரம், பக்கத்தில் 'சேமிக்கப்பட்டது'. இடையிடையே வேறு வரிகள். அவனுடையவை. பட்டனின் நிறம், எழுத்தின் அளவு என்று வேலைக்குக் கிளம்பும் முன் எதையாவது மாற்றிப் புதிதாக ஏற்றுவது அவன் வழக்கம். ஏற்றும்போதெல்லாம் கிளவுட் ஓடிக்கொண்டிருந்த பழைய பிரதியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பும். பதிவுகள் இருந்த கோப்பும் பழையதோடு போய்விடும். நிரலோடு சேர்த்து அவன் அனுப்பிய நாற்பது பேர் மட்டும் திரும்ப வருவார்கள்.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனான். முன்னறையில் கட்டில்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

"அக்கா, உன்மேல தப்பே இல்ல. நான்தான் அழிச்சிட்டிருந்திருக்கேன்."

அவள் அவன் கொண்டுபோன மடிக்கணினியை வாங்கி லாக்கின் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப, எல்லாம் போட்டிருக்கேன்ல?"

"ஒண்ணு விடாம போட்டிருக்கேக்கா."

"அப்பா மாதிரின்னு நீ சொன்ன அன்னைக்கு, குளியலறைக்குள்ள போய்ப் பன்னெண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாத்தேன்டா. பாதியில நின்னுடுச்சு. பயத்துலதான் நின்னுச்சுன்னு இப்பத் தோணுது."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பதிவுகள் இருக்கும் கோப்பைத் தனி இடத்துக்கு மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது தளத்தில் எதுவும் அழிவதில்லை. ஆனால் நோயாளிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கிளினிக்கைத் திறக்க அக்காவுக்கும் மனம் வரவில்லை. ஒரு மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் வேலை பார்க்கிறாள். அங்கே குறிப்பெழுதுவதற்கு வேறு ஆள் உண்டு.

அவன் மன்னிப்புக் கேட்டான். "விடுடா, கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்றாள். 'அப்பா மாதிரி' என்ற அந்த வார்த்தையைக் கம்ப்யூட்டர் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.