அவளுக்காக வாங்கிய படகு

நான் ஓய்வு பெற்ற வருஷத்தில் என் முழங்கால்களும் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. ஆலயத்தில் எல்லோரும் முழங்காலிடும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஜெபித்தேன். அதைப் பொறுத்துக்கொண்டேன். பாய்மரப் படகு ஓட்டுவதைக் கைவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் கற்றுக்கொண்டது அது. வேலைக்குப் போன பிறகும் முட்டுக்காடு உப்பங்கழியில் ஒரு நண்பரின் படகை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதை விற்றுவிட்டு மகனிடம் அமெரிக்கா போய்விட, சொந்தமாக ஒன்று வாங்கியே தீருவேன் என்று நின்றேன். அதுவும் குறுகலான, வேகமான படகு. கிழவர்களுக்கான படகில் ஏறுவதைவிட வீட்டிலேயே கிடப்பேன் என்றும் சொல்லிவைத்தேன்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் பரீட்சை வைத்துத்தான் பார்ப்பாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நான் சொன்ன அளவுக்குச் சாக்பீஸால் படகை வரைந்தாள். துணி காயப்போடும் மூங்கில் கழிதான் பாயின் அடிக்கட்டை. படகு திரும்பும்போது அந்தக் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும். ஓட்டுபவன் குனிந்து அதற்கடியில் புகுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார வேண்டும். அவள் கழியைச் சுழற்றினாள். நான் குனிந்தேன். குனிந்தவன் நிமிரவில்லை. அடுத்த முறை கழி என் காதைப் பதம் பார்த்தது. பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த அம்மா கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்.

"போதும், நிறுத்து" என்று கத்தினேன். கோபம் அவள் மேலும் இல்லை, கழி மேலும் இல்லை.

சாப்பிடும்போது அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, நானும் உங்களோட படகுல வரலாம்னு பாக்கறேன். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிட்டா வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறேன்? ஆனா எனக்கு ஏத்த மாதிரி வாங்கணும். இந்த இடுப்பு வலியோட குனிஞ்சு நிமிர என்னால ஆகாது."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவளுக்காகத் தேடுவதில் மானக்குறைச்சல் ஒன்றுமில்லையே. நாவலூரில் தோண்டிப்போட்டிருந்த சாலையில் தூசி தின்றபடி ஸ்கூட்டரில் கோவளம் போனோம். பழைய படகுகளை வாங்கி விற்கும் மீனவர் ஒருவர் அகலமான ஒன்றைக் காட்டினார். தட்டையான அடிப்பாகம், நாற்காலி உயரத்தில் இருக்கை, தலையில் இடிக்காத உயரத்தில் கட்டை. தண்ணீரில் இறக்கி ஓரத்தில் ஏறி நின்று காட்டினார். கொஞ்சம்தான் சாய்ந்தது.

"இன்னா காத்து அட்ச்சாலும் லேசுல கவுறாது சார். சீட்டு மேல கீது, அக்கா பயமில்லாம குந்திக்கலாம். ஸ்பீடு மட்டும் கேக்காத."

"எனக்கில்லப்பா, இவங்களுக்குத்தான்" என்றேன். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

முதல்முறை இருவரும் உப்பங்கழியில் போன மதியம் காற்று மிதமாக இருந்தது. பாய் புடைத்துக்கொண்டது. திரும்ப வேண்டிய இடம் வந்ததும் பழக்கத்தில் என் உடம்பு விறைத்தது. கட்டை தலைக்கு மேலே அலுங்காமல் போயிற்று. நான் இருந்த இடத்தைவிட்டு நகரவே வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினேன்.

இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து மெரினாவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் பட விடாதவள் அவள். அது அப்போதுதான் என் மர மண்டைக்கு உறைத்தது. இடுப்பு வலி என்று அதற்கு முன்னால் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பாயின் கயிற்றைத் தளர்த்தினேன்.

"கரைக்குப் போயிடலாமா?" என்றேன்.

"வேணாம்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "எனக்கு வசதியாத்தான் இருக்கு. நீங்க ஓட்டுங்க."