பட்டத்திற்குப் பின் வந்த பிளஸ் டூ

பி.எட். சேர்க்கைக்கு விண்ணப்பிக்க இன்று காலை கம்பத்தில் ஒரு கணினி மையத்திற்குச் சென்றிருந்தேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவள் நான். வீட்டிலிருந்தே பயின்று, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டம் பெற்றேன். பிளஸ் டூ இல்லையே என்று பலரும் குறை கூறியதால், அதனையும் பிற்பாடு தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சியடைந்தேன்.

மையத்தில் பணிபுரியும் செல்வி, தேர்ச்சி பெற்ற ஆண்டுகளைப் படிவத்தில் பதிந்தாள். திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின.

"யக்கா, டிகிரிக்குப் பெறகா பிளஸ் டூ முடிச்சீக?"

"ஆமா தாயி. ரெண்டும் நானாப் படிச்சதுதான்."

"வரிசை மாறிப்போச்சே. சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதுக்கா."

உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பாராமலே சொன்னாள்: "அந்த டிகிரி செல்லாதாம்க்கா. மறுபடி மூணு வருசம் படிச்சிட்டு வரச் சொல்றாக."

எனக்கு வயது நாற்பத்தொன்று.

பின்னால் காத்திருந்த பெரியவர், "அதான் சொல்லிட்டாகள்ல, எந்திரி தாயி. நான் பட்டா எடுக்கணும்" என்றார்.

எழுந்தேன். செல்வி குரலைத் தாழ்த்தினாள்: "வெசனப்படாதீகக்கா. நானும் பி.எட். முடிச்சிட்டுத்தான் இங்கன உக்காந்து டைப் அடிக்கிறேன்."

ஆறுதல் என்று எண்ணியே கூறியிருப்பாள்.

பெற்ற பட்டத்தை ஒப்படைத்துவிட்டு, அதனையே வரிசை மாறாமல் மீண்டும் பெற்றுக்கொள்ள வழியுண்டா? விவரமறிந்த நண்பர்கள் தெரிவிக்கவும். 'முயற்சியைக் கைவிடாதீர்கள்' என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். கைவிடுவதற்கும் இனி என்னிடம் ஒன்றும் மீதமில்லை.