ஆவடியிலிருந்து பாரிவாக்கத்துக்கு ஒரு கடல்

கடல்மீன் தொட்டிகளை வீடு மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலில் மீன்களால் எனக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை. வீடு மாறும்போது உதவி செய்கிறேன் என்று கிளம்பி வரும் சொந்தக்காரர்களிடம் நீங்களும் சிக்கியிருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் என் கட்சி, மேலே படியுங்கள்.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் ஒரு வேலை வந்தது. ராமநாதன் சார் ரிட்டையராகி, பாரிவாக்கத்தில் சொந்த வீடு கட்டியிருந்தார். அவர் தொட்டியில் ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒரு ஜோடி வயதான கிளவுன் மீன்கள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை அவைதான். "டிவி உடைஞ்சாக்கூடப் பரவாயில்ல, இந்த ரெண்டும் உயிரோட வந்து சேரணும்" என்று கேட்டுக்கொண்டார். சரி என்று ஒப்புக்கொண்டேன். அவருக்கு ஒரு மச்சினன் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

சுத்தம்

உப்புத்தண்ணீர் தொட்டியில் மீனைவிட முக்கியம், உள்ளே கிடக்கும் கற்கள். அவற்றில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் மீனின் கழிவைத் தின்று தண்ணீர் நஞ்சாகாமல் காக்கின்றன. அதனால் கல்லைக் கழுவக்கூடாது, பழைய தண்ணீரிலேயே ஊறவைத்து எடுத்துப்போக வேண்டும் என்று முந்தின நாளே போனில் பாடம் நடத்தியிருந்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால், சாரின் மனைவியுடைய தம்பி முருகேசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்திருக்கிறார். பாதிக் கற்கள் தேங்காய் நாரால் தேய்க்கப்பட்டு, ப்ளீச்சிங் பவுடர் நாற்றத்தோடு கருவாடு மாதிரி வெயிலில் காய்கின்றன. ராமநாதன் சார் பூ வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்த திருப்பணி. அந்தக் கற்கள் இனி குப்பைக்குத்தான். மிச்சத்தைப் பிடுங்கி வாளியில் போட்டுவிட்டு, ஏன் சார் இப்படி என்று கேட்டேன். முருகேசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புது வீட்டுக்குப் போறோம். பாசியோட போனா பாக்கிறவன் காறித் துப்ப மாட்டானா?"

தண்ணீர்

பழைய தண்ணீரில் முக்கால்வாசியைக் கேன்களில் பிடித்து டெம்போவில் ஏற்றினோம். டிரைவர் ஏழுமலை என்னோடு பல வருஷமாய் ஓடுகிறவன். ஒவ்வொரு முறையும் இது வெட்டி வேலை என்றே நினைப்பான், கேனைத் தூக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்வான். மீன்கள் இருந்த பெட்டியை அவன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, காற்றுக்கான பேட்டரி மோட்டாரைப் போட்டபோது எட்டிப் பார்த்தான். "இத்துனூண்டு மீனுக்கு ஒரு வண்டி தண்ணியா நைனா? காசிமேட்டுல ஐஸ்ல போட்டு அனுப்புறான், அது இன்னா கோச்சிக்குதா?"

தரிசனம்

பாரிவாக்கம் வந்தது, போனது. குடும்பத்தோடு முன்னால் போன கார் நிற்கவில்லை. போன் செய்தால், புது வீட்டுச் சாவியை மாங்காடு அம்மன் காலடியில் வைத்து வாங்கி வரவேண்டுமாம். குடும்பத்தையும் வீட்டுச் சாமானையும் வழியில் பிரிக்கக் கூடாது, அதனால் டெம்போவும் கூடவே வரவேண்டும் என்பது முருகேசன் கண்டுபிடித்த சாஸ்திரம்.

கோயில் பக்கம் முகூர்த்தக் கூட்டம். வெயிலில் பெட்டித் தண்ணீர் சூடேறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய், மீன் தாங்காது என்றேன். ராமநாதன் சார் திறந்த வாயை மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே நிதானமாகச் சொன்னார். "அவ பாத்துக்குவா தம்பி. நீங்க வண்டிய மட்டும் கொஞ்சம் நிழல்ல போடுங்க."

மாடு

புது வீட்டு வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், ஐயர் எல்லாம் தயார். மாடு வரவில்லை. பசுமாடு நுழைந்த பிறகுதான் வேறு எதுவும் உள்ளே போகலாம். அந்த மாட்டுக்கோ அன்று குத்தம்பாக்கத்தில் இன்னொரு கிரகப்பிரவேசம். அங்கே அது சாணி போடாமல் அனுப்ப மாட்டோம் என்று பிடித்து வைத்திருக்கிறார்களாம்.

ஆண் மீன் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தது. ராமநாதன் சார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தான் கட்டிய வீட்டுக்குள் தன் மீனை எடுத்துப்போக வாய் திறக்காத அந்த மனிதர்மேல் எனக்குப் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

நானே ஐயரிடம் போனேன். முதலில் உப்பு போகலாமே என்று கேட்டேன். மாடு, அப்புறம் உப்பு, மஞ்சள் என்று வரிசை சொன்னார். மாடு வராவிட்டால் உப்பு வாசலிலேயே நிற்க வேண்டுமா என்றேன். யோசித்தார், அவருக்கும் அடுத்த வீடு காத்திருந்தது. உப்பு மகாலட்சுமி, அவளை வெளியே நிறுத்துவதுதான் தோஷம் என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பெட்டியில் இருப்பதும் உப்புத்தண்ணீர்தான் என்றேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உப்பை உள்ளே கொண்டு போங்கோ. அதுக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கலை, நீங்களும் சொல்ல வேண்டாம்."

மூலை

கேன்களும் கற்களும் தொட்டியும்கூட உப்புக் கணக்கிலேயே உள்ளே போயின. தொட்டியை ஈசானிய மூலையில்தான் வைக்க வேண்டும் என்று முருகேசன் நின்றார். வைத்தேன். பழைய தண்ணீரை ஊற்றி, கற்களை அடுக்கி, சூட்டைத் தணித்து மீன்களை விட்டதும் ஆண் மீன் மெல்ல நிமிர்ந்தது. ராமநாதன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். முருகேசன் பந்தியில் இருந்தவர்களைக் கைகழுவக்கூட விடாமல் கூட்டி வந்து காட்டினார். "சரியான மூலையில வச்சதும் மீனு எந்திரிச்சிருச்சு, பாத்தீங்களா?"

திருஷ்டி

அடுத்த வாரமே தண்ணீர் கலங்கியது. இருந்த பாதிக் கற்களால் சமாளிக்க முடியவில்லை. தண்ணீர் மாற்றினேன், மருந்து ஊற்றினேன். பெண் மீன் செத்துப்போயிற்று. நான் போனபோது ராமநாதன் சார் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆண் மீன் மட்டும் கண்ணாடியோரமாய் மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தது. கல்லைக் கழுவியதுதான் காரணம் என்று முருகேசனை வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ராமநாதன் சாரின் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். "விடுங்க அத்தான், வீட்டு மேல பட்ட கண்ணு மீனோட போச்சு. மிச்சக் கல்லையும் நாளைக்கு நானே கழுவித் தந்துர்றேன்."

மீன் பிழைத்தால் வாஸ்து, செத்தால் திருஷ்டி; நடுவில் கேன் தூக்க மட்டும்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.