பெரட்டில் கற்ற ஃபாலோ அப்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று புக்கிட் பெலிம்பிங்கில் எனக்கு ஏழு லோரிகள் ஓடுகின்றன. ‘ஃபாலோ அப்’ என்ற ஆங்கிலத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். எங்கள் கோயில் கமிட்டிச் செயலாளருக்குத் தெரியாது. அவர் பட்டதாரி.

சுடுகாட்டுக்குப் போகும் மரப்பாலம் மழையில் இடிந்து விழுந்துவிட்டது. பாடையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு கால்வாய்த் தண்ணீரில் இறங்கித்தான் போகவேண்டும். என் அக்கா அப்போது படுத்த படுக்கை.

“தம்பி, என்னைய அந்தச் சாக்கடத் தண்ணியில நனைச்சுக் கொண்டு போயிடாதீங்கடா” என்றாள். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாலம் என்னாயிற்று என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டேன்.

“டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு லெட்டர் போட்டாச்சுண்ணே. ஃபாலோ அப் பண்றோம் லா” என்றார் செயலாளர்.

அடுத்த கூட்டத்திலும் அதே பதில். கடிதத்தை அனுப்பிவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருப்பதற்கு இந்தப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

பள்ளியை விட்டதும் நான் வேலைக்குப் போன எஸ்டேட்டில் விடியுமுன் பெரட்டு நடக்கும். எல்லோரும் வரிசையில் நிற்க, மண்டோர் வேலை பிரிப்பார். அதற்கு முன், நேற்றுக் கொடுத்த வேலை என்னாயிற்று என்று அத்தனை பேர் முன்னால் கேட்பார். முடிக்காதவன் தலை தொங்கிவிடும். முடியும்வரை தினமும் கேட்பார். அதுதான் ஃபாலோ அப். அந்த மண்டோருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் விடியற்காலை செயலாளர் வீட்டு வாசலில் நின்றேன்.

“பெரட்டுக்கு வந்திருக்கேன் தம்பி. பால வேல என்ன ஆச்சு?”

உள்ளே அவர் மனைவி சிரித்துவிட்டார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஆபீஸே இன்னும் தெறக்கலண்ணே.”

“தெறக்கும்போது நாம அங்க நிப்போம். சட்டையப் போடுங்க.”

லோரியில் ஏற்றிக்கொண்டு போனேன். செம்பனைக் குலை வாடைக்கு மூக்கைப் பிடித்தபடியே வந்தார். அலுவலகத்தில் எங்கள் கடிதம் எங்கே இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நகலைக் கொடுத்தோம். மறுநாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். ஒன்பதாம் நாள் என்னைக் கண்டதும் அதிகாரியே எழுந்து வந்து, அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

“எத்தன மணிக்கு?” என்றேன்.

சிமெண்டுப் பாலம் வந்தது. அக்கா அதன் மேல்தான் போனாள். ஒரு சொட்டுத் தண்ணீர் அவள்மேல் படவில்லை.

திரும்பும்போது செயலாளர் என் பக்கத்தில் நடந்து வந்தார். “கைப்பிடிதான் இன்னும் போடலண்ணே. ஃபாலோ அப் பண்றோம்.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அவர் வாசலில் போய் நின்றேன்.